ஜெயசீலி டீச்சர் சும்மா நடந்தது

ஜெயசீலி டீச்சருக்கு வயது ஐம்பத்துமூன்று. தாம்பரத்தில் நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். அவர் கணக்கு, நான் தமிழ். கீழ்க்கட்டளையில் அடுத்தடுத்த தெரு, போகிற சபையும் ஒன்று. அதனால் இதில் என் கற்பனைச் சரக்கு எதுவும் இல்லை. பாதி நான் பார்த்தது, மீதி அவர் ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னது.

போன காலாண்டு விடுமுறையில் அவர் கோவளத்திலிருந்து பாண்டிச்சேரி வரை கடலோரமாகத் தனியாக நடந்தார். ஆறு நாள். டிரெக்கிங் போகிறேன் என்று மகன் ஜேசன் வாங்கி, ஒருமுறைகூட முதுகில் மாட்டாத பை ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் மூன்று சுடிதார், பவர் பேங்க், கடலை உருண்டை, முழங்காலுக்கு ஒரு உறை. இரவில் தங்க எங்கெங்கே லாட்ஜ் இருக்கிறது என்று முன்னாலேயே போன் போட்டு விசாரித்து வைத்திருந்தார்.

எதற்கு என்று கேட்டேன்.

“சும்மாதான் சாராள். கல்யாணமாகி முப்பது வருஷத்துல நான் சும்மா எங்கயும் போனதில்ல. கல்யாணம், அடக்கம், கன்வென்ஷன், இல்லன்னா பேப்பர் திருத்துறது. ஒரே ஒரு தடவை, ஒரு காரணமும் இல்லாம போகணும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று வீட்டில் போய்ப் புலம்பினேன். அது சுத்தப் பொறாமை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் கணவர் லாசரஸ் சார் எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். அவர் தடுக்கவில்லை. தடுத்துப் பயனில்லை என்று தெரியும். ஆனால் நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலை அவரை அரித்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி டீச்சருக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. அலை வந்து போகும் ஈரமணல் கெட்டியாக இருக்கும், அதில்தான் நடக்க வேண்டும். இரண்டடி தள்ளினால் கணுக்கால் வரை புதையும். கரையில் வழி இல்லாத இடத்தில் ரோட்டுக்கு ஏறிக்கொண்டார். பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: வேளாங்கண்ணிக்கா? அந்தப் பக்கம் பையும் கையுமாக நடப்பவர்கள் வேறெங்கே போவார்கள்? இல்லை என்றால் நம்பவில்லை. திருவிழா முடிந்து மூன்று வாரமாகிறதே, பாவம், தெரியாமல் கிளம்பிவிட்டது என்று பரிதாபப்பட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, கூவத்தூரைத் தாண்டி ஒரு குப்பத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மணி என்கிற அம்மாள் டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

“வூட்ல இன்னா சண்டை?”

“சண்டை ஒண்ணும் இல்லக்கா. சும்மா நடக்கறேன்.”

“சும்மா எவளாவது இந்த வெயில்ல நடப்பாளா? கடலப் பாத்துகினே வர்ற. தனியா வேற கீற. எனக்கு மனசு கேக்கல. வூட்டுக்காரரு நம்பரு குடு.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. தற்கொலை செய்துகொள்ள வந்தவள் கடலை உருண்டை கட்டிக்கொண்டு வருவாளா? சரி, சமாதானமாகட்டும் என்று போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

“ஒண்ணும் பயப்படாதீங்கம்மா,” என்றார் லாசரஸ் சார். “அவங்க ஊழியத்துக்கு வந்திருக்காங்க. கிராமம் கிராமமா ஜெபம் பண்ணிட்டுப் போறாங்க. சபையிலயும் அறிவிச்சாச்சு.”

“அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!” என்றார் அம்மணி. உள்ளே போய், ஒற்றைத் தலைவலியில் துடித்துக்கொண்டிருந்த மருமகளைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்தார்.

வேறு வழி? தலையில் கைவைத்து இரண்டு வரி ஜெபித்துவிட்டு டீச்சர் நடையைக் கட்டினார்.

“அழுகையே வந்துடுச்சு சாராள். அந்தப் பொண்ணுக்காக இல்ல. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு வச்சிருந்தேன், அதையும் அவர் எடுத்து சபைக்குக் கொடுத்துட்டாரே!”

ஆனாலும் திரும்பவில்லை. மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு, பிய்ந்துபோன கால்விரலுக்கு பேண்ட்எய்ட் ஒட்டிக்கொண்டு, ஆறாம் நாள் மாலை பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் மைக்கில் அழைத்தார். “நம்ம சிஸ்டர் ஜெயசீலி ஆறு நாள் மீனவ கிராமங்கள்ல நடந்தே ஊழியம் செஞ்சிருக்காங்க. இப்ப சாட்சி சொல்ல வருவாங்க.”

லாசரஸ் சார் முன் வரிசையில் இருந்தார். கழுத்து வேர்த்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டி இரண்டு வசனம் சொன்னால் போதும், அவர் மானம் தப்பும். டீச்சரின் ஆறு நாள் போய்விடும்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம்,” என்றார் டீச்சர். “நான் ஊழியத்துக்குப் போகல. நடக்க ஆசையா இருந்துச்சு, நடந்தேன். கடல் நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்.”

இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார். பழக்கதோஷத்தில் நாலு பேர் ஆமென் என்றார்கள்.

ஆராதனை முடிந்து இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். பல்லாவரம் ரேடியல் ரோட்டில் வைத்துச் சண்டை.

“சபை நடுவுல என் மானத்தை வாங்கிட்டியே. ரெண்டு நிமிஷம் அனுசரிச்சுப் போனா என்ன குறைஞ்சிடும்?”

“முப்பது வருஷமா அனுசரிச்சாச்சுங்க. இந்த ஆறு நாள் என்னுது. தர மாட்டேன்.”

அவர் வண்டியை ஓரங்கட்டினார். “அவ்வளவு ஆசைன்னா நடந்தே வா!”

“சரிங்க,” என்று இறங்கிவிட்டார் டீச்சர்.

பஸ் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தார். வேண்டுமென்றே அவர்கள் தெரு வழியாகப் போனேன். லாசரஸ் சார் பூட்டிய கேட்டுக்கு வெளியே ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். சாவி டீச்சரின் கைப்பையில்.

“டீச்சர் எங்க சார்?” என்றேன், தெரியாதவளைப் போல.

அவர் தெருமுனையைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போய் நிறுத்தினார்.

“நடந்துக்கிட்டிருக்கா,” என்றார்.