லெப் சேவரில் கை வைக்க விடாத காலை

1. எலார்ட்

டெங்குக் காலம். கல்முனையில் நான் ஐ.ரி. பொறுப்பாளராக இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில், லெப் வாசலில் இருந்து பார்மசி வரை சனம். காலையிலேயே என் திரையில் சிவப்பு எலார்ட் விழுந்தது. புதிதாகப் போட்டிருந்த ஏ.ஐ. சிஸ்டம் கேட்டது: லெப் ரிப்போட்கள் ஏறும் சேவர் திணறுகிறது, ரீஸ்டார்ட் செய்யவா?

அதை அப்படிக் கேட்க வைப்பதற்கே நான் பணிப்பாளரோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

2. மல்லுக்கட்டு

எங்கள் பணிப்பாளர் ஒரு டொக்டர். நல்ல மனிசன், அவசரக்காரர். கொழும்பில் டெமோ பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "நிஸ்ரா மிஸ், எல்லாத்தையும் அதுட கையில குடுங்க. சேவர் விழுந்தா அதுவே எழுப்பும்."

"சேர், புதுசா வந்த டொக்டருக்கு முதல் நாளே ஒப்பரேஷன் குடுப்பீங்களா?"

"அது வேற, இது வேற."

"இல்ல சேர். முதல்ல பாக்கட்டும். என்ன செய்யப்போகுதெண்டு சொல்லட்டும். சரியாச் சொல்லுதாண்டு பாத்து, மறுகா ஒவ்வொண்டாக் குடுப்பம்."

அவர் யோசித்தார். "ஓம், பெருநாள் வரைக்கும் பாப்பம். அதுக்குப் பொறகு கேக்காமலே எல்லாம் செய்யிற மாதிரி முழுசா ஓன் பண்றதுதான்."

சிஸ்டம் சொன்னவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. பிரிண்டர் நின்றதையும் டிஸ்க் நிரம்புவதையும் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்தது. பார்க்காமலே 'ஓம்' அழுத்தும் பழக்கம் என்னோடு ஐ.ரி.யில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வரப்பார்த்தது. அதனால் ஒரு சட்டம் போட்டேன்: ரீஸ்டார்ட் என்றால், அந்தப் பகுதிக்குக் கோல் எடுத்துக் கேட்காமல் அழுத்தக் கூடாது.

3. 'வேண்டாம்'

சிவப்பு எலார்ட் விழுந்த அன்றும் லெப்புக்குக் கோல் எடுத்தேன். லெப் பொறுப்பாளர் ரமணி அக்கா கத்தினார்: "ஐயோ நிஸ்ரா, கை வெச்சிராத! பிளேட்லெட் ரிப்போட் எல்லாம் ஏறிக்கிட்டு இரிக்கு. வார்ட்ல ஒரு சின்னப் பிள்ளைக்கு ரத்தம் ஏத்துறதா இல்லையாண்டு பணிப்பாளர் சேர் ரிப்போட்டப் பாத்துக்கிட்டு நிக்காரு."

சேவர் பழுதாகவில்லை. வேலைதான் கூடியிருந்தது. நோயாளர் குறைந்த மாதங்களில் பழகிய சிஸ்டத்துக்கு இந்த நெரிசல் வியாதியாகத் தெரிந்திருக்கிறது. 'வேண்டாம்' அழுத்தினேன். அதே சேவரில் ஓடிய பெக்அப்பையும் பில்லிங் வேலைகளையும் நிறுத்திவைத்தேன். ரிப்போட்கள் மளமளவென்று போகத் தொடங்கின. ரத்தம் ஏற்றத் தேவையில்லை என்று அந்தப் பிள்ளையின் ரிப்போட் சொன்னது.

பணிப்பாளர் வார்ட்டில் இருந்து நேரே என் அறைக்கு வந்தார். திரையைக் காட்டினேன்.

"முழுசா ஓன் பண்ணியிருந்தா?"

"அதுவே ரீஸ்டார்ட் பண்ணியிருக்கும், சேர். ரிப்போட் எல்லாம் நடுவழியில நிண்டிருக்கும்."

கதிரையில் உட்கார்ந்தார். "கழட்டிருவமா மிஸ் இத?"

"ஏன் சேர்? நல்லா வேலை செய்யுது. இன்னும் படிப்பிக்கணும், அவ்வளவுதான்."

ரமணி அக்காவையும் பார்மசிக்காரரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். கேட்காமல் எதைத் தொடக் கூடாது என்பதை அவர்களே சொன்னார்கள். பிரிண்டர், டிஸ்க், பெக்அப் சோதனை ஆகியவற்றை முழுதாக அதனிடம் விட்டோம். பெருநாள் வந்து போனது. முழுசா ஓன் பண்ணும் கதையைப் பணிப்பாளர் பிறகு எடுக்கவேயில்லை. இப்போது வேறு ஆஸ்பத்திரிக்காரர் வந்து கேட்டால், "எங்கட மிஸ்ஸிட்டக் கேளுங்க" என்று என் அறையைக் காட்டுகிறார்.

வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: இது என்னென்ன செய்யும் என்பதை விற்க வருகிறவர் சொல்லுவார். எங்கே கை வைக்கக் கூடாது என்பது அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். வாங்குவதற்கு முதல் அவர்களைக் கூப்பிட்டுக் கதையுங்கள்.