இடது பின் ஸ்பிரிங்

நம்பச் சொல்லி உங்களைக் கெஞ்சப் போவதில்லை. டெல்மிராவே இதைப் பற்றி வெகுகாலம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அர்ஜென்டினா சமவெளியில் ஒரு சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயம் என்றால் பாதிரியார்கூடப் பூசையைச் சுருக்கிவிடுவார். பந்தயக் கார்களின் அடிச்சட்டமான சேஸையும் பின்பக்க ஸ்பிரிங்குகளையும் பதம் பார்த்துச் சரிசெய்வது அங்கே டெல்மிராவின் தொழில். அந்த வாரம் அவள் பட்டறையில் நின்றது, தம்பி ஃபெர்மின் ஓட்டப்போகிற கார். புது இஞ்சின். சேஸ் மட்டும் ரொசாரியோ பக்கம் ஒருவர் விற்ற பழசு.

செவ்வாய் காலை, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் தராசு வைத்துப் பாரத்தைச் சமன் செய்தாள். மதியம் ஊரே தூங்கும் நேரம். அவளும் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். திரும்பி வந்தால்... இடது பின் சக்கரத்தில் பாரம் குறைந்திருந்தது. அங்கே ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையம் கீழே இறங்கியிருந்தது.

மறுபடி ஏற்றி முறுக்கினாள். வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டாள். மறுநாள் மதியத்துக்குப் பிறகு, கோடு விலகியிருந்தது.

அப்படியே ஓட்டினால் ஏதாவது ஒரு திருப்பத்தில் காரின் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். உள்ளே இருக்கப்போவது தம்பி.

பட்டறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவளிடம். இன்னொன்று கூட்டாளி நிக்கானோரிடம். எதிரணிக்காரர்களோடு அவன் கறி சுட்டுத் தின்றதாக யாரோ காதில் போட்டிருந்தார்கள்.

"அவனுங்க கறியில அப்படி என்னடா ருசி?"

நிக்கானோர் மாத்தே டீ உறிஞ்சுவதை நிறுத்தினான். "என்ன சொல்ற?"

"இடது பின் ஸ்பிரிங். யாரு கை வச்சது?"

சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். அவன் சாவியை மேசைமேல் வைத்தான்.

"ஒரு மதியம் நீயே உள்ள உக்காந்து பாரு, தாயே. நான் இனி வரல."

திருட்டு முழி. அப்படித்தான் அவளுக்குப் பட்டது.

வியாழன் மதியம் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தகரக் கூரை வெயிலில் முறுகியது. தெருவில் நாய்கூட இல்லை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்...

க்ரீக்.

கதவைப் பார்த்தாள். தாழ் அப்படியே இருந்தது.

க்ரீக்... க்ரீக்...

காரிலிருந்துதான். குனிந்தாள். அடியில் யாரும் இல்லை.

வளையம் திரும்பிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் திரும்பும். நிற்கும். யாரோ பிடியை மாற்றிக்கொள்வதுபோல. மறுபடி திரும்பும்.

தராசில் எண் இறங்கியது.

தரையோரம் ஒரு மூச்சு...

எப்படித் தாழைத் திறந்தாள் என்பது இன்றுவரை அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஞாயிறன்று அந்தக் காரை அவள் வெளியே விடவில்லை. "உனக்குப் பைத்தியமாக்கா?" என்று ஃபெர்மின் கத்தித் தீர்த்தான். நிக்கானோர் வீட்டு வாசலில் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள்.

"நானும் பாத்தேன். சொன்னா நீ சிரிப்பேன்னு விட்டுட்டேன்," என்றான் அவன்.

சேஸை விற்றவருக்குப் போன் போட்டாள். அந்தக் காரில் முன்னால் என்ன நடந்தது என்று கேட்டாள்.

"எங்க மெக்கானிக் அதுக்கு அடியில படுத்துத்தான் வேலை பாத்துக்கிட்டிருந்தான். ஜாக்கி சரிஞ்சுடுச்சும்மா. எல்லாரும் தூங்கற நேரம். சாயங்காலம்தான் பாத்தோம்."

"யாருக்கும் சத்தம் கேக்கலியா?"

"கேட்டுச்சே. தெரு முழுக்கக் கேட்டுச்சு. பொழுது சாயற வரைக்கும் ஸ்பேனர் சத்தம். வேலை செய்யறான்னு நெனச்சு ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

"அப்புறம்?"

"டாக்டர் வந்து பாத்தாரு. கார் விழுந்த நிமிஷமே உயிர் போயிடுச்சாம்... மதியமே."