சாமி வந்துடுச்சுன்னு கும்பிட்ட அன்னிக்கு

என் இடது கை நேரா நிக்காது, பாருங்க. எங்க வீட்டுக்காரர் ராஜேந்திரன் மண்வெட்டிக் காம்பால போட்ட போடு. கிருத்திகைக்குக் கிருத்திகை இங்க வந்து பாடுற உங்க எல்லாருக்கும் இந்தக் கையைத் தெரியும். களத்துல விழுந்துட்டேன்னு சொல்லியிருப்பேன். விழல. அடி வாங்கினேன்.

குத்தகை நிலம் எங்களுக்கு. நாத்து விட்டா குடி, நட்டா குடி, அறுத்தா குடி. அப்புறம் காலையில பல்லு வெளக்கறதுக்கு முன்னாடியே குடி. சோத்துப் பானையைத் தூக்கி எறிவாரு. ஒரு நாள் கொதிக்கிற கஞ்சி என் முதுகுல கொட்டுச்சு. எம்பொண்ணு தர்ஷினி அப்பா செருப்புச் சத்தம் கேட்டாலே வைக்கப்போருக்குள்ள போய் ஒளிஞ்சிக்குவா. குடிக்கு வைத்தியம் இருக்குன்னு எங்க பக்கம் யாரும் சொன்னதில்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல காய்ச்சலுக்கு மாத்திரை கிடைக்கும், இதுக்கு ஏது? எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் மாலை போடுறதுதான். மாலை போட்டவன் குடிக்க மாட்டான். அதனால நான் முருகன்கிட்ட கேட்டதெல்லாம், இந்த மனுஷன் கழுத்துல ஒரு மாலை ஏறணும், அவ்வளவுதான்.

ஏறுச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தை மாசம், சுவாமிமலை பாதயாத்திரைக்கு நம்ம குருசாமி கையால போட்டுக்கிட்டாரு. அன்னியிலேருந்து ஒரு சொட்டு தொடல. எனக்குத் தலைகால் புரியல. மாலை போட்ட சாமின்னு எங்க வீட்டுக்காரரு கால்லயே விழுந்தேன். மறுநாள் கை நடுங்குச்சு, வேர்த்துக் கொட்டுச்சு, ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சிருந்தாரு. பச்சைத் தண்ணிக் குளியலு, பனி வேற, அதனாலன்னு நெனச்சோம்.

அடுத்த நாள் மத்தியானம் எங்க வீட்டு வாசல்ல பந்தல் போட்டுப் பூஜை. பஜனை உச்சத்துக்குப் போகுது. திடீர்னு அவரு உடம்பு உதறுது. கண்ணு ரெண்டும் பிதுங்குது. ஒரு கத்து கத்துனாரு பாருங்க, கூடியிருந்த அத்தனை பேரும் எழுந்திரிச்சிட்டாங்க. "சாமி வந்துடுச்சு! முருகா!" பொம்பளைங்க குலவை விடுறாங்க. கற்பூரம் கொளுத்துறாங்க. ஒருத்தர் கால்ல விழுந்து, "சாமி, அறுப்பு முடியிற வரைக்கும் மழை வராதுல்ல?"ன்னு குறி கேக்குறாரு!

அவரு காதுல எதுவும் ஏறல. "பாம்பு! பாம்பு!"ன்னு சுவத்தைப் பாத்துக் கத்துறாரு. சுவத்துல ஒண்ணுமில்ல. ஆனா ஜனங்க விடுவாங்களா? முருகனும் நாகமும் ஒண்ணுதானேன்னு இன்னும் பலமாக் கும்பிடுறாங்க. அதுக்குள்ள கூரை எறவாணத்துல சொருகியிருந்த அரிவாளை உருவிட்டாரு. என் கொழுந்தன் குமாரு தடுக்கப் போனாரு. தோள்பட்டையில ஒரே வெட்டு. ரத்தம் பந்தக்கால் மேல பீச்சி அடிக்குது. அப்பவும் குருசாமி, "தடுக்காதீங்க, சாமி பலி கேக்குது"ங்கறாரு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! "முருகனுக்கு என்னிக்குய்யா பலி குடுத்தீங்க?"ன்னு கத்தினேன். யாரு கேட்டா?

அவரு திரும்புனாரு. தர்ஷினி நின்னுக்கிட்டிருந்தா. அவ ஜடையைப் பாத்து, "புள்ள கழுத்துல சுத்தியிருக்கு!"ன்னு பாய்ஞ்சு, ஜடையை முறுக்கிப் புடிச்சு அரிவாளை ஓங்கிட்டாரு. அவரு கண்ணுக்கு அது பாம்பு. புள்ளையைக் காப்பாத்தறதா நெனப்பு. கூட்டம் கைகூப்பி நிக்குது. நான் அவரு கையைப் புடிச்சுத் தொங்குறேன், ஒடிஞ்ச கை என்னத்துக்கு ஆகும்? அடிவயித்துலேருந்து கத்தினேன்: "முருகா! இது நீதான்னா நீ எனக்கு வேணாம்! நீ இல்லன்னா யாரையாச்சும் அனுப்புடா!"

ஆமா, 'அனுப்புடா'ன்னுதான் சொன்னேன்.

பக்கத்து வயல்ல நெல்லறுக்க ஆத்தூர்லேருந்து மிஷின் வந்திருந்துச்சு. அதை ஓட்டுற தம்பி அன்னதானச் சோத்துக்காக அப்பத்தான் பந்தலுக்குள்ள நுழைஞ்சிருக்கு. சாமிங்கற பயம் எதுவும் இல்ல அந்தப் புள்ளைக்கு. பின்னாடியிலேருந்து இடுப்போட சேத்துக் கட்டிப்புடிச்சு மண்ணுல சாச்சிடுச்சு. அரிவாள் தெறிச்சுப் போச்சு. விழுந்த வேகத்துல இவருக்கு வலிப்பு வந்து, வாயில நுரை, நாக்கைக் கடிச்சு ரத்தம். "அக்கா, இது சாமி இல்ல. குடியை ஒரேயடியா விட்டா இப்படி வரும். எங்கண்ணன் இப்படித்தான் செத்தான். தூக்குங்க!"ன்னு சொல்லிட்டு அழுதுடுச்சு.

வாய்க்கால் பாலத்தை இடிச்சுப் போட்டிருந்தாங்க, ஆம்புலன்ஸ் சுத்திக்கிட்டுதான் வரணும். மிஷின் ஏத்தி வந்த லாரி பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. அதுலயே போயிடலாம்னுச்சு அந்தத் தம்பி. உடனே குருசாமி, "மாலையோட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது, நடுவுல கழட்டினா சாமி குத்தம்"னு குறுக்க நின்னாரு. நான் குனிஞ்சு அந்த மாலையைக் கழட்டி முருகன் படத்துக்கு முன்னாடி வெச்சேன். "குத்தம்னா என் தலையில விடியட்டும்"னு சொன்னேன். இவரைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால் தண்ணியில இறங்கி நடந்தாங்க. குமாரும் தோள்ல துண்டை அமுக்கிக்கிட்டுக் கூட வந்தாரு.

லாரியில மறுபடியும் வலிப்பு. திமிறுறாரு, என்னை எட்டி உதைக்கிறாரு, என் கட்டைவிரல்ல சதை பிய்யிற மாதிரி கடிச்சாரு. விடலையே நான்! தஞ்சாவூர் போற வரைக்கும் முருகா முருகான்னுதான் வாய் சொல்லுச்சு. பெரிய ஆஸ்பத்திரியில கட்டில்ல கட்டிப் போட்டு ஊசி போட்டாங்க. டாக்டரம்மா என்னைத் திட்டுனாங்க: "ஏம்மா, இவ்வளவு குடிக்கிறவங்களை ஒரே நாள்ல நிறுத்த விடலாமா? எங்ககிட்ட கூட்டிட்டு வந்தா மருந்து குடுத்து நிறுத்துவோம்ல!" யாரும் சொல்லலையேம்மான்னு அழுதேன்.

பொழச்சிக்கிட்டாரு. குமாருக்கும் தையல் போட்டாங்க, கை வெளங்குது. இவரு மாத்திரை சாப்புடுறாரு, ரெண்டு பஸ் மாறி டாக்டரம்மாவைப் பாத்துட்டு வர்றாரு. நடுவுல ஒரு தடவை சறுக்குனாரு, மறுபடியும் எழுந்துட்டாரு. அதோ தூணோரமா தலைகுனிஞ்சு உக்காந்திருக்காரு பாருங்க, அவருதான். இப்ப குருசாமி மாலை போட வர்றவங்களை முதல்ல, "குடி உண்டா?"ன்னு கேக்குறாரு. உண்டுன்னா, டாக்டரைப் பாத்துட்டு வாங்கறாரு.

நான் கேட்டது மாலை. முருகன் அனுப்புனது நெல்லறுக்கிற மிஷின் ஓட்டுற புள்ளையை. கேட்டதைக் குடுக்கலையேன்னு அவன்மேல எனக்கு வருத்தமில்ல, கேக்கத் தெரியாதவளுக்கும் குடுத்தானேன்னு இருக்கு. நம்புங்க. கோவத்துல கேட்டாலும் அவன் காதுல விழும்.

கடைசி வரிசையில முந்தானையால கன்னத்தை மூடிக்கிட்டு உக்காந்திருக்கியே, தங்கச்சி. நீ களத்துல விழல. எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கு உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வா. நானும் எங்க வீட்டுக்காரரும் கூட வர்றோம்.