ஒட்டக்கூடாத ஜோடி

உமாராணியைப் போலக் கைசுத்தமான ஆளை நான் பார்த்ததில்லை. அதுவே அவளுக்கு வினையாக வந்தது.

தூத்துக்குடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ராஜதுரை அண்ணாச்சியின் மகள் அவள். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக மூன்று வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் அங்கே மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை ஓட்டுபவன். மூலக்கூறுகளை எடைபோடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெப்டைடு என்பது புரதத்தின் குட்டித் துண்டு. நேர்மின்சுமை உள்ள ஒன்றும் எதிர்மின்சுமை உள்ள ஒன்றும், வேதிப்பிணைப்பு எதுவும் இல்லாமல், வெறும் ஈர்ப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று அவள் நிரூபிக்க வேண்டும். ஒட்டினால், இரண்டின் எடையும் சேர்ந்த இடத்தில் திரையில் ஒரு முகடு எழும். எழுந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மின்சுமையை நீக்கிய ஒரு ஜோடியையும் போட்டோம். அது ஒட்டவே கூடாது. பாழாய்ப்போனது, அதுவும் ஒட்டியது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கருவியைக் கழுவினேன், ஊசியை மாற்றினேன், உப்பளக் காற்றைக்கூடச் சந்தேகப்பட்டேன். ஈர்ப்பே இல்லாமல் எப்படி ஒட்டுகிறது என்று அவள் தினமும் கேட்பாள். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்தாகிவிடும். சில நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பினாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு காலை, கரைசலுக்காக அவள் பெப்டைடுப் பொடியை நிறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதுவரை பார்த்ததில்லை. தராசு ஒரு மில்லிகிராம் காட்டியது. நோட்டில் எழுதினாள். பிறகு கரண்டியை இன்னும் கொஞ்சம் தட்டினாள்.

அது எதற்கு என்றேன். கடையில் அப்பா எதை நிறுத்தாலும் மேலே ஒரு பிடி போடுவாராம். ஆறு வயதிலிருந்து பழகிய கை.

"குறைஞ்சிரக் கூடாதுல்லா அண்ணே," என்றாள்.

அன்றைக்கு அந்தக் 'கொஞ்சம்' விழுந்ததும் தராசு நான்கு மில்லிகிராம் காட்டியது. கரைசல் அவ்வளவு கெட்டியாக இருந்தால், கருவிக்குள் தெளிக்கும் துளி உலரும்போது ஈர்ப்பு உள்ளதும் இல்லாததும் திருவிழாக் கூட்டம் மாதிரி ஒட்டத்தான் செய்யும்.

சரியாக நிறுத்துப் போட்டோம். ஒட்டக்கூடாத ஜோடி மறைந்தது. ஒட்டவேண்டியது சின்னதாக, ஆனால் தெளிவாக நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அவளுக்கோ பேயறைந்த மாதிரி; மூன்று வருடமாக எழுதிய அளவெல்லாம் தப்பு. பிறகு பழைய நோட்டுகள் பதினொன்றையும் தூக்கிக்கொண்டு, நெறியாளர் தேவகனி மேடத்தின் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மேடம் கோபப்படவில்லை. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு கூடப் போட்டாய் என்று சொல், பழைய அளவுகளைத் திருத்திவிடலாம் என்றார்கள்.

உமாராணி நோட்டுகளை மேசைமேல் இறக்கி வைத்தாள்.

"தெரியாது மேடம். கொசுறை யாரு நிறுப்பா?"