கணக்கக்காவும் ஏரியின் பொடிமீனும்

கல்லூரியில் கணிதப் பேராசிரியையாக இருந்த அவரை எல்லோரும் ‘கணக்கக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் அவருடைய தம்பி. மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. கல்யாணமான பிறகும் பாதி நாள் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

ஒரு மாலை, காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தான்.

“ஏரியில புது மீன் ஒண்ணு விடப்போறாங்கக்கா. சீக்கிரமா பெருசாகுமாம். அங்க இருக்கிற பொடிமீனுக்கும் அதுக்கும் ஒரே தீனி. ரெண்டும் சேர்ந்து பொழைக்குமான்னு கணக்குப் போட்டுச் சொல்லேன்.”

தீனி என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்கள். தம்பி இரண்டு மீன்களையும் தொட்டிகளில் வளர்த்து, தீனி எவ்வளவு குறைந்தால் எது மெலிகிறது என்று அளந்து கொடுத்தான். அக்கா சமன்பாடுகள் எழுதினார். எப்படித் திருப்பிப் போட்டாலும் விடை ஒன்றுதான். பொடிமீன் பட்டினி கிடக்கும் அளவுக்குத் தீனி குறைந்த பிறகும் புது மீன் கொழுக்கும், பெருகும், மிச்சத்தையும் தின்னும்.

“விட்டா பொடிமீன் கதை முடிஞ்சுதுடா.”

“அறிக்கையில அப்படியே எழுதிடறேன்க்கா.”

மீனவர்களுக்கான விளக்கக் கூட்டத்துக்கு அக்கா ஆசையாகப் போனார். திரையில் இரண்டு மீன்களின் எண்ணிக்கைக்கும் இரண்டு கோடுகள், சண்டை ஓய்ந்த மாமியார் மருமகள்போல, பக்கத்துப் பக்கத்தில் நிம்மதியாக ஓடின. கீழே அவர் பெயர். இரண்டும் வெவ்வேறு தீனி தின்பதாக வைத்துக்கொண்டால்தான் கோடுகள் இப்படி வரும். அக்காவின் கணக்கை அப்படி மாற்றக்கூடிய ஒரே ஆள் மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் அவனை ஓரமாக நிறுத்தினார்.

“மேல முடிவு பண்ணிட்டாங்கக்கா. நான் மாட்டேன்னா வேற ஆள வெச்சு செய்வாங்க.”

“அதுக்கு என் பேரு எதுக்குடா?”

அவன் தரையைப் பார்த்தான். “உன் பேரு இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.”

அக்கா நேரே போய் மைக்கைப் பிடித்து, “இது நான் போட்ட கணக்கில்ல” என்றார். “அக்கா தம்பி பஞ்சாயத்த வீட்டுல வெச்சுக்கங்கம்மா” என்றார் மேடையிலிருந்த அதிகாரி. கூட்டம் சிரித்தது. தம்பியும் லேசாகச் சிரித்தான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மீனை விட்டார்கள். தம்பி நிலையத்துக்கே தலைவனானான். சில வருடங்களில் வலையில் பொடிமீன் விழுவது நின்றது. சந்தையில் மீன்காரம்மா அக்காவை ஏற இறங்கப் பார்த்து, “ஒண்ணும் ஆகாதுன்னு கணக்குப் போட்டது நீங்கதானே?” என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். யார் நம்புவார்கள்? பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

அதன் பிறகு ஒரு நாள் தம்பி வந்தான்.

“பொடிமீன திரும்பக் கொண்டுவரணும்கறாங்க. நீதான்க்கா ஒரு கணக்குப் போடணும்.”

“பொடிமீனுக்கு வேற தீனி இருக்குன்னு திரையில காட்டினியே. அதப் போட்டு வளத்துக்க.”

அவன் எழுந்தான். “வரேன்க்கா.”

“போயிட்டு வா” என்று சொல்லித்தான் எப்போதும் அவனை அனுப்புவார். அன்று “சரி” என்றார்.