பன்னிரண்டு நிமிடச் சாப்பாடு

என் அண்ணன் ஹோட்டலில் சாப்பிடுவதைப் பார்த்தால், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மனுஷன் போலிருக்கும். நாங்கள் சூப்பை ஊதிக்கொண்டிருப்போம், அவன் தட்டைக் காலி பண்ணி, கையும் கழுவிவிட்டு வந்து, கடிகாரத்தைப் பார்த்து, "என்ன, கிளம்பலாமா?" என்பான். அட, கொஞ்சம் உட்காரேன் மனுஷா!

அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடமாக ஒரே தடம், பதினேழாம் நம்பர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒன்றேகால் மணி நேரம். அங்கே வண்டியை நிறுத்தினால் அடுத்த நடைக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். அதற்குள் நேரம் குறிப்பவரிடம் கையெழுத்துப் போட்டு, கழிப்பறைக்குப் போய், முகம் கழுவி, சாப்பிட்டும் முடிக்க வேண்டும். வழியில் நெரிசல் என்றால் அந்தப் பன்னிரண்டும் ஐந்தாகிவிடும். நின்றபடியே டப்பாவைத் திறந்து அள்ளிப் போட்டுக்கொண்டு ஏறிவிடுவான். அண்ணி அவனோடு இருந்ததே மூன்று வருடம்தான். "இந்த ஆளு வீட்டுக்கு வர்றதே பன்னிரண்டு நிமிஷம் நின்னுட்டுப் போகத்தான்" என்று சொல்லிவிட்டுப் பிரிந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு டிப்போவுக்குப் பின்னால் ஒற்றை அறையில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு மூன்று மணிக்குத்தான் டூட்டி. அதனால் ஞாயிறு மதியம் எங்களோடு ஏதாவது ஒரு ஹோட்டலுக்கு வருவான். வாரத்தில் அவன் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடும் வேளை அது ஒன்றுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

மெனு கார்டை அவன் தொடவே மாட்டான். சர்வரிடம், "எது தம்பி சீக்கிரம் வரும்?" என்று கேட்பான். "எல்லாமே இப்பதான் சார் சூடா பண்ணித் தருவோம்" என்று சர்வர் பெருமையாகச் சொன்னால், அண்ணன் முகம் வாடிப்போகும். என் மகளுக்கு மட்டும் அவனோடு சாப்பிடக் கொண்டாட்டம். நூடுல்ஸ் வந்ததும் இரண்டு பேரும் போட்டி போடுவார்கள். ஒன்பது வயதுக்காரி எப்படி ஜெயிப்பாள்? ஆனாலும் கடைசிக் கவளத்தில் அண்ணனுக்கு எப்படியோ இருமல் வந்துவிடும், அவள் ஜெயித்துவிடுவாள்.

நான் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறேன். அங்கே இருக்கும் நர்ஸ் எனக்கு நெருங்கிய தோழி. ஒரு ஞாயிறு அவளும் அவள் கணவரும் எங்களோடு சாப்பிட வந்தார்கள். அண்ணன் வழக்கம்போல முதலில் முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியாச்சா என்று பஸ் கண்ணாடியில் பார்ப்பானே, அதே பார்வை.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "என்னங்க, எங்களை இறக்கி விட்டுட்டுத்தான் ஷெட்டுக்குப் போவீங்களா?"

மேசையே சிரித்தது. அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எனக்கு மட்டும் காது இரண்டும் பற்றிக்கொண்டு எரிந்தது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது சுருக்கென்று தைத்து, ஆறு நாளும் உள்ளே கிடந்து உறுத்தியது.

அந்த வாரம் நர்ஸ் வீடு மாறினாள். அதற்காக, புதிதாகத் திறந்த பெரிய ஹோட்டலில் ஞாயிறு மதியம் விருந்து என்றாள். "குடும்பத்தோட வந்துடு" என்றாள். சனிக்கிழமை நான் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இந்த வாரம் எங்கேயும் போகலண்ணா. பாப்பாவுக்குக் காய்ச்சல்."

"எவ்வளவு இருக்கு?"

"நூத்தி ரெண்டு."

எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள் எனக்குப் பொய்! பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "குழந்தை மேல ஏன் பொய் சொல்றே? என்ன பேச்சு இது?" என்றார். "நீங்க சும்மா இருங்க, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரே போடாகப் போட்டேன். என் வாய்க்கு வீட்டில் எதிர்வாய் கிடையாது.

அந்த ஹோட்டல் பதினேழாம் நம்பர் தடத்தில்தான் இருந்தது. இருந்தால் என்ன? மூன்று மணி வரைக்கும் அவன் அறையில் படுத்துத் தூங்குவான், அதற்குள் நாங்கள் வீட்டுக்கே வந்துவிடுவோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்கும் ஒரு கணக்கு இருக்குமே, என் கணக்கு இதுதான்.

நாற்சந்தியைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலோரம் எங்களுக்கு இடம். நூடுல்ஸ் வந்தது, பொரித்த கோழி வந்தது. யாரும் அவசரப்படவில்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. அப்பாடா, இன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம் என்று நினைத்தேன். மகளுக்கு ஐஸ்கிரீம் வந்தபோது ஒன்றரை மணி இருக்கும்.

"அம்மா, மாமா பஸ்!"

"மாமாவுக்கு இப்ப டூட்டி இல்ல. பேசாம சாப்பிடு."

"மாமாதாம்மா! அங்க பாரு!"

பார்த்தேன். சிவப்பு விளக்கில், எங்கள் ஜன்னலுக்கு நேராக முகத்தை வைத்துப் பதினேழாம் நம்பர் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் என் அண்ணன். மகள் நாற்காலிமேல் ஏறி, கரண்டியை ஆட்டிக்கொண்டு, கண்ணாடியைத் தட்டினாள்.

முதலில் அவளைத்தான் பார்த்தான். அவன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை எழுந்து குதிக்கிறதே என்கிற சந்தோஷம் அது. அதற்கப்புறம்தான் அவன் கண் நகர்ந்தது. ஐஸ்கிரீம், தட்டுகள், என் வீட்டுக்காரர், நர்ஸ், அவள் கணவர். அடுத்தது நான். நான் என்ன செய்தேன் தெரியுமா? மெனு கார்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். இத்தனை பெரிய உடம்பை ஓர் அட்டைக்குப் பின்னால்! இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பச்சை விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. ஒரு நொடிகூடப் பிந்தாதவன் நகரவில்லை. அட்டையை மெதுவாக இறக்கியபோது, என் மகளுக்கு அவன் கையை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

நர்ஸ் கேட்டாள், "உங்க அண்ணன்தானே? இன்னிக்கு டூட்டியா? நான் கூட ஏன் வரலன்னு கேக்கணும்னு இருந்தேன். அவர் இருந்தா நல்லா கலகலன்னு இருக்குமேப்பா!"

எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது.

சாயங்காலம் ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. அண்ணன் நின்றான். சீருடையை இன்னும் மாற்றவில்லை. ஒரு கையில் ஆரஞ்சுப் பை, இன்னொரு கையில் மருந்துக் கடைக் கவர். அதற்குள் புதிய தெர்மாமீட்டர் இருந்தது.

"நேத்தே வாங்கி வச்சேன்" என்றான். "சாயங்கால டூட்டியைக் கொடுத்துட்டு, ஒருத்தரோட பகல் டூட்டியை வாங்கிக்கிட்டேன். நூத்தி ரெண்டுன்னியே, வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போகலாம்னு."

மகள் ஓடி வந்தாள். "மாமா, நான் கை காட்டினேன்ல! எனக்குக் காய்ச்சலே..."

அவன் அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தான். "விட்டுடுச்சு. நல்லவேளை" என்றான். அவளை மேலே பேச விடவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. தண்ணீரை நின்றபடியே குடித்தான். பன்னிரண்டு நிமிடம்கூட இருக்கவில்லை, போய்விட்டான். திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, தீர்த்திருப்பேன். என் பொய்யை எனக்காக அவனே மூடி வைத்துவிட்டுப் போனான். அன்று வீட்டுக்காரரிடமும் மகளிடமும் முகம் கொடுத்துப் பேச முடியாமல் ஆரஞ்சுகளைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

அடுத்த வாரம் கூப்பிட்டபோது வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். வந்தான், எங்களுக்கு முன்பே. மெனு கார்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தான். எது சீக்கிரம் வரும் என்று கேட்கவில்லை. இடது மணிக்கட்டைப் பார்த்தேன். கடிகாரம் இல்லை, அது இருந்த இடத்தில் வெளுத்த பட்டை ஒன்றுதான் இருந்தது.

நூடுல்ஸ் வந்தது. மகள் முள்கரண்டியைத் தூக்கினாள். "மாமா, ரெடி, ஒன், டூ..."

"இல்லடா செல்லம். மாமா இப்பல்லாம் மெதுவாத்தான் சாப்பிடுவேன்."

ஒரு வாய் போடுவான், கரண்டியைக் கீழே வைப்பான். மெல்லுவான், விழுங்குவான், கொஞ்சம் பொறுப்பான். மறுபடி எடுப்பான். அந்தக் கைக்கு அது வரவே இல்லை. இரண்டு தடவை கரண்டி தானாக எழும்பியது, பிடித்துக் கீழே வைத்தான். நாங்கள் எல்லாரும் முடித்துவிட்டோம். அவன் தட்டில் பாதி அப்படியே ஆறி, ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தது. எழுந்து கட்டிக்கொண்டு, மன்னிச்சுக்கோண்ணா என்று அழ வேண்டும் போலிருந்தது. ஊரையே ஒரு வாய் பார்க்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தைக்கு வாய் திறக்கவில்லை.

லைசென்ஸ் எடுக்க வந்த பையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியைப் பார்ப்பதுபோல, அவன் என்னைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தி, "இந்த வேகம் சரியா இருக்கா?" என்று கேட்டான்.

"சரியா இருக்குண்ணா" என்று சொல்லித் தொலைத்தேன்.