மில்ட்ரி அக்கா வூட்டு அப்பாக்கள்

போன் அடித்தால் கலைமணி முதலில் முந்தானையால் ஒரு மூக்கைத் துடைப்பார். அப்புறம்தான் போனை எடுப்பார். எந்த மூக்கு என்பது எந்த அப்பா கூப்பிடுகிறார் என்பதைப் பொறுத்தது.

"சளியோட காட்டக் கூடாது. காட்டுனா அந்த ஆளு அங்க நின்னுகினு ரெண்டு நாளு அதையே நெனச்சிகினு இருப்பாரு. கையில துப்பாக்கி கீது. நெனப்பு மூக்குல இருந்தா எப்பிடி?"

துடைத்த கையோடு பச்சைப் பட்டனை அமுக்கி, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வீடே கேட்கிற மாதிரி ஒரு குரல்: "நிலா, அப்பா வந்துட்டாருடி, ஓடியா!" சாப்பாட்டுத் தட்டு, பொம்மை, பாதி கழற்றிய சட்டை எல்லாம் அப்படியே கிடக்கும். நிலா ஓடி வருவாள். அவளுக்குப் பின்னால் அவளுக்குச் சம்பந்தமே இல்லாத ஏழெட்டுப் பிள்ளைகளும் ஓடி வருவார்கள். ராஜஸ்தான் மணலில் நிற்கிற ஒரு மனிதருக்கு, சேரப்பணஞ்சேரியில் இருந்து ஒரே நேரத்தில் அத்தனை வாய்களும் பருப்புச் சோறோடு சிரிக்கும்.

ஊரில் கேட்டால் 'மில்ட்ரி அக்கா வூடு' என்று வழி சொல்வார்கள். ராணுவத்தில் இருக்கிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வீடு அது. அப்பா எல்லையில், அம்மா ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஏதோ ஒரு தொழிற்சாலை லைனில். கன்டோன்மென்டில் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களுக்கு அங்கேயே பள்ளிக்கூடம், விளையாட்டு மைதானம், குழந்தையைப் பார்க்க ஆள் எல்லாம் இருக்கும். கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தும் வேலையை விட்டுப் போக மனம் வராதவர்களுக்கும் கலைமணிதான். கம்பெனி பஸ் வந்து நிற்கும். யூனிபார்ம் போட்ட அம்மா ஓடி வந்து குழந்தையை நீட்டுவாள். டிரைவர் ஹாரனை விடமாட்டார். "நீ போம்மா, அந்தாளு பஸ்ஸ ஓட்றானா, ஹாரன ஓட்றானா தெர்ல" என்று குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்.

இந்த வீடு ஆரம்பித்ததற்குக் காரணம் அவருடைய கணவர் கன்னியப்பன். இப்போது ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி. அதற்கு முன்னால் ராணுவத்தில் ஹவில்தார். அவர் சர்வீஸில் இருந்தபோது ஒரு தடவை லீவில் வந்திருக்கிறார். மகன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டானாம், "இந்த மாமா எப்ப போவாரு?"

"அன்னிக்கி மனுசன் சோறு துன்னல" என்பார் கலைமணி. "நானு அப்பவே முடிவு பண்ணன். எங்கிட்ட வளர்ற புள்ள எதுவும் அப்பன மறக்கக் கூடாது."

அதற்காகத்தான் போன். மஞ்சள் ரப்பர் உறை போட்ட அந்தப் போனில் எந்நேரமும் நெய் வாசனை அடிக்கும். எல்லா அப்பாக்களும் அதில்தான் வருவார்கள். முத்தம் வாங்குவார்கள், திட்டு வாங்குவார்கள், பிஸ்கட் ஊட்டப்படுவார்கள். ஓர் அப்பா பாதி பேச்சில் உறைந்து நின்றுவிட்டால் குழந்தைகளுக்கு அதுவே பதில். "பீல்டுல கீறாரு. டவர் இல்ல" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு நிலா விளையாடப் போய்விடுவாள்.

தென்றல் என்கிற குட்டியின் அம்மா மஞ்சுளா செல்போன் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று தெரிந்தபோது இந்தப் பொடிசுகளுக்குள் பெரிய விவாதமே நடந்தது. தென்றலின் அம்மாதான் எல்லா அப்பாவையும் செய்து அனுப்புகிறாள் என்று கடைசியில் தீர்ப்பானது. நிலா நேராகவே கேட்டுவிட்டாள். "அத்த, எங்கப்பாவயும் உங்க கம்பெனிலதான் செஞ்சீங்களா?" மஞ்சுளா சிரித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது.

சின்னதுகள் மட்டும் இல்லை. சனிக்கிழமையானால் வளர்ந்த பிள்ளைகளும் வருவார்கள். கன்னியப்பன் அவர்களை ஏரிக்கரையில் ஓடவிடுவார். ஓடிக் களைத்தவர்களுக்குக் கலைமணி கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார். அதில் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண், அமலா. அப்பா ஒரு பிறந்தநாளுக்கும் வந்ததில்லை என்று கோபம். போன் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கலைமணி அவளுக்குப் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்தார். முறத்தில் வெங்காயத்தைக் கொட்டினார். "நீ பேச வேணாம்மா. வெங்காயம் உரி. அவரு பாத்துகினு இருக்கட்டும்." அந்த அப்பா அங்கே, இந்தப் பெண் இங்கே. வெங்காயம் முடியும்வரை ஒரு வார்த்தை இல்லை. மறுவாரம் அமலாவே முறத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

எல்லையில் ஏதாவது என்றால் மட்டும் வீடு மாறிவிடும். செய்தி பிள்ளைகள் கண்ணில் படாமல் டிவிமேல் துண்டு விழும். அம்மாக்கள் டீ பிரேக்கில் ஒருத்தி மாற்றி ஒருத்தி கூப்பிடுவார்கள். கலைமணி எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்: "சாப்டுச்சிங்க. தூங்குதுங்க." கூட ஒரு வார்த்தை பேசமாட்டார். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று சமையல் பார்க்கிற பாப்பம்மாள் சொல்வார்.

இந்தப் பாப்பம்மாளுக்குக் கலைமணியைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது. "எல்லாத்தயும் அப்பா அப்பான்ற. ஒருநா அந்தப் போனு கீழ வுழுந்து ஒடையட்டும், இத்தினி புள்ளைங்களும் ஒட்டுக்கா ஒப்பாரி வைக்கும் பாரு." கலைமணி கண்டுகொள்ளமாட்டார். போன வாரம்வரை.

மண்ணூர்க்காரர் பிரவீன், பனிமலையில் போஸ்டிங். மஞ்சுளாவின் கணவர், தென்றலின் அப்பா. போன லீவில் வந்தபோது தென்றல் தவழ்கிற குழந்தை. அவர் முகத்தைப் பார்த்தாலே வீறிடுவாள். லீவு முழுக்க அவள் தூங்கின பிறகுதான் அவரால் தூக்க முடிந்தது. இந்தத் தடவை ரயில் ஏறுவதற்கு முன்னால் கலைமணிக்கு அவர் போனில் சொன்னது ஒன்றுதான்: "அக்கா, இந்த வாட்டி அவ முழிச்சிகினு இருக்கசொல்ல தூக்கணும்."

"வா தம்பி. அவளே ஓடியாந்து ஏறிக்குவா. நான் கேரண்டி."

கேரண்டி கொடுத்ததில் தப்பில்லை. தென்றல் அப்பா பைத்தியம். போனைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். சென்ட்ரலில் இறங்கிய பிரவீனும் மண்ணூருக்குக்கூடப் போகாமல், முதுகு மூட்டையும் கையில் ஒரு துணிக் கரடியுமாக நேராக இங்கேதான் வந்தார். மஞ்சுளாவுக்கு ஷிப்ட் முடிய இன்னும் நேரம் இருந்தது. குழந்தைகள் மத்தியானத் தூக்கம் முடிந்து பால் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தென்றலு, யாரு வந்துகீறா பாரு. உங்கப்பாடி" என்றார் கலைமணி.

தென்றல் பார்த்தாள். வாசலில் நின்ற ஆளை, மூட்டையை, கரடியை. டம்ளரைக் கீழே வைத்தாள். ஓடினாள். பிரவீன் முட்டி போட்டு இரண்டு கையையும் விரித்தார். அவள் அவரைத் தாண்டி ஓடி, ஷெல்பிலிருந்த மஞ்சள் போனை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு, சுவரோரமாக ஒண்டிக்கொண்டாள்.

"அப்பா" என்றாள், போனைக் காட்டி.

நிலாதான் விளக்கம் சொன்னாள். "மாமா, தென்றலோட அப்பா போன்ல கீறாரு. நீங்க யாரோட அப்பா?"

பிரவீன் சிரித்தார். சிரித்துக்கொண்டே கரடியின் காதைத் திருகினார். அது கையோடு வந்துவிடும் போல இருந்தது.

கலைமணிக்கு முகம் செத்துவிட்டது. பிறந்ததிலிருந்து போனை நீட்டி நீட்டி 'இதோ அப்பா, இதோ அப்பா' என்று சொல்லிக்கொடுத்தது யார்? குழந்தை சரியாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். அப்பா என்பது கைக்கு அடக்கமாக, வழவழவென்று, மஞ்சள் உறையோடு இருக்கும். இப்படிக் கதவு உயரத்துக்கு வந்து நிற்காது.

"நான் அப்பவே சொன்னன்" என்று பாப்பம்மாள் ஆரம்பித்தார்.

"கம்முனு இரு." கலைமணி பிரவீனைப் பார்த்துத் திரும்பினார். "தம்பி, தப்பு எம்மேலதான். நீ எழுந்து வெளிய போ."

"அக்கா?"

"கேட்டாண்ட போய் நின்னுகினு போன் போடு. வீடியோ கால். நான் சொல்லாம உள்ள வராத."

பாவம், ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்து வந்த மனிதர், திரும்பவும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். கார் ஏற்றிப் போகிற லாரி ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போனது. போன் அடித்தது. கலைமணி பால் டம்ளரைத் தென்றல் கையில் கொடுத்து, அவள் மடியிலேயே போனை வைத்துப் பட்டனை அமுக்கினார்.

அவ்வளவுதான், குழந்தையின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "அப்பா! அப்பா, பால்." டம்ளரைத் திரையில் இடித்தாள். பால் சிந்தியது.

"குட்ச்சியாடா?" என்றார் பிரவீன் தெருவிலிருந்து.

"இப்ப வா தம்பி. பேசிகினே வா. மெதுவா."

பிரவீன் பேசிக்கொண்டே வந்தார். திரையில் அவர் தலைக்குப் பின்னால் முதலில் கேட் போனது. அப்புறம் தண்ணீர் டிரம். அப்புறம் குழந்தைகளின் செருப்புக் குவியல். தென்றல் திரைக்குக் கிட்டே மூக்கைக் கொண்டுபோனாள். அப்பாவுக்குப் பின்னால் பாப்பம்மாள் கைகட்டி நிற்கிறார். பாப்பம்மாள் எப்படி அப்பா ஊருக்குப் போனார்? நிமிர்ந்து பார்த்தாள். பாப்பம்மாள் இங்கேயும் நிற்கிறார்.

இரண்டு போனும் பக்கத்தில் வந்ததும் 'கீய்ங்' என்று ஒரு ஊளை. குழந்தைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தென்றல் சிரிக்கவில்லை. அவளுக்கு முன்னால் பிரவீன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தூக்காத" என்றார் கலைமணி, உதடு அசையாமல். "கைய மடியில வச்சிக்க. அவளா வரட்டும்."

மடியில் வைத்த கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

தென்றல் திரையைத் தொட்டாள். வழவழ. ஒரு அடி முன்னால் வந்து பிரவீனின் கன்னத்தைத் தொட்டாள். இரண்டு நாள் தாடி. சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும்; கையை இழுத்துக்கொண்டாள். திரும்பவும் திரை. திரும்பவும் கன்னம். இந்த முறை கையை எடுக்கவில்லை. உள்ளங்கையால் மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தாள்.

"குத்துது" என்றாள், கண்டிப்பாக.

"ஆமாடா. செரச்சிடறேன்."

அந்த வாய் எதிரில் அசைந்தது. அதே வாய் போனிலும் அசைந்தது. எந்த வாயைப் பார்ப்பது என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

தென்றல் பின்னால் பார்க்காமலே போனைக் கலைமணி இருக்கிற பக்கம் நீட்டினாள். யாராவது வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு இரண்டு கையும் வேண்டும் என்கிற மாதிரி. கலைமணி வாங்கியதுதான் தாமதம், அவள் கைகள் இரண்டும் மேலே போயின.

பிரவீன் எழுந்தபோது அவருடைய போன் பாயில் விழுந்திருந்தது. கலைமணியின் கையிலிருந்த திரையில் இப்போது சுற்றுகிற மின்விசிறியும் ஓரமாக ஒரு சின்னப் பாதமும் மட்டும் தெரிந்தன. கலைமணி அந்தப் பாதத்தைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பட்டனை அமுக்கி, போனைக் கவிழ்த்து வைத்தார்.